வீட்டுக்கு டீச்சர் வந்த நாள்

நீலாம்பாளின் வாயைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கும் அரசடிக்கோட்டகத்தில் அந்த வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. நடவு நடப் போகும் பன்னிரண்டு பெண்களுக்கு அவள்தான் தலைவி. எந்த வயலில் எப்போது இறங்குவது, எத்தனை மணிக்குக் கரையேறுவது எல்லாம் அவள் சொன்னபடிதான். வயல்காரர் "மூணு மாதான், மதியத்துக்குள்ள முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு நழுவப் பார்த்தால், அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்பில் ஒரு சுற்று நடந்து வருவாள். ஒரு மா என்பது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. அவள் கால்கள் அதைக் கயிறு பிடிக்காமலே அளந்துவிடும்.

"மூணரைங்க. சந்தேகமா இருந்தா சர்வேயரக் கூப்பிடுங்க. அவர் வர்ற வரைக்கும் நாங்க கரையில உக்காந்து வெத்தல போடுறோம்" என்பாள்.

சர்வேயர் ஒருநாளும் வந்ததில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நீலாம்பாளின் வாயால் பன்னிரண்டு குடும்பங்கள் பிழைத்தன.

அப்படிப்பட்ட வாய், பெற்ற மகளுக்காகத் திறந்திருக்க வேண்டிய ஒரு வியாழக்கிழமையன்று கம்மென்று இருந்துவிட்டது. கம்மென்று இருந்ததுகூடப் பெரிதில்லை, பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் நீலாம்பாளுக்கு இன்றைக்கும் தன் வாயிலேயே இரண்டு போடலாம் போலிருக்கும்.

மகள் பெயர் சுடர்விழி. நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தபோது வலி எடுத்து, வீரையன் ஓட்டிய டிராக்டரின் டிப்பரிலேயே படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பெற்ற பிள்ளை. வீரையன் அவள் புருஷன். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுகிற மனுஷன். பிள்ளை பிறந்ததும் அழவில்லை. அழ வைப்பதற்குள் நேரமாகிவிட்டது. மூளை முடக்குவாதம் என்று டாக்டர் பிறகு சொன்னார். கால்கள் இரண்டும் விறைத்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடப்பாள். பேச்சு இழுத்து இழுத்து வரும். பொறுத்துக் கேட்டால் எல்லாம் புரியும். பொறுத்துக் கேட்கத்தான் ஊரில் ஆளில்லை.

ஆனால் புத்தி கத்தி. ஐந்து வயதில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். நீலாம்பாள் தினமும் காலையில் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் வயலுக்குப் போவாள். மூன்றாம் வகுப்பிலேயே சுடர்விழி ரேஷன் கடைப் பலகை, பஸ்ஸின் நெற்றி, சுவரில் ஒட்டிய காதணி விழா போஸ்டர் எல்லாவற்றையும் படித்தாள். உர மூட்டையில் என்ன எழுதியிருக்கிறதென்று வீரையன் அவளிடம்தான் கேட்பான். நாலாம் வகுப்பில் வகுத்தல் கணக்கு வந்தபோது மற்றப் பிள்ளைகள் மீதியைத் தேடிக்கொண்டிருக்க, இவள் விடையைச் சொல்லிவிட்டு அவர்களுக்காகக் காத்திருந்தாள்.

அந்த வருஷம்தான் கஜா புயல் வந்தது. தென்னை, மாமரம், கூரை என்று போனதோடு பள்ளிக்கூடத்துக் கழிப்பறையின் தகரமும் ஒருபக்கச் சுவரும் போயின. அதற்கு முன்பே சுடர்விழி பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிக்க மாட்டாள். குடித்தால் போக வேண்டும், போவதென்றால் யாராவது தூக்க வேண்டும். புயலுக்குப் பிறகு ஒருநாள் அவசரம் என்று இரண்டு பெண்பிள்ளைகள் அவளைத் தாங்கிப் பிடித்துக் கட்டடத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார்கள். அங்கே கிடந்த செங்கலில் கால் தடுக்கி விழுந்து முன்பல் பாதி உடைந்தது. யூனிபார்மெல்லாம் ரத்தம். நீலாம்பாள் வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடினாள்.

பத்து நாள் கழித்து, பொங்கல் முடிந்த வியாழக்கிழமை, தலைமையாசிரியை வீட்டுக்கே வந்தார்.

இங்கே மங்களாம்பிகை டீச்சரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேலத்தெருவில் பெரிய குடும்பம். அவர்கள் வயலில் நீலாம்பாள் பாவாடை கட்டிய வயதிலிருந்து நட்டிருக்கிறாள். அறுப்பு முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனால் வாசல் வழியாக அல்ல, சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம்தான் போக வேண்டும். காபி கொடுப்பார்கள். கொல்லைச் சுவரின் மேல் கவிழ்த்து வைத்திருக்கும் தனி டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு, அவளே கழுவி, அவளே கவிழ்த்துவிட்டு வர வேண்டும். அதெல்லாம் இப்போது இல்லை என்று சொல்கிறார்கள். உண்மைதான், இப்போது பேப்பர் கப் வந்துவிட்டது.

அந்த வீட்டுப் பெண்ணின் ஸ்கூட்டர் காலனித் தெருவுக்குள் வந்து நின்றது. பின்னால் இன்னொரு இளவயது டீச்சர், பெயர் பிரகதீஸ்வரி. நடக்க முடியாத, பேச முடியாத பிள்ளைகளுக்கென்று இருக்கும் சிறப்பாசிரியை. அந்தத் தெருவுக்கு அதிகாரிகள் வராமலில்லை. ஓட்டுக் கேட்க, கணக்கெடுக்க, புயல் சேதம் எழுத என்று வருவார்கள். நின்றுகொண்டே எழுதிக்கொண்டு, நின்றபடியே போவார்கள். யாரும் உட்கார்ந்ததில்லை.

மங்களாம்பிகை டீச்சர் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டிலிருந்து ஓடிப்போய் வாங்கி வந்த பிளாஸ்டிக் நாற்காலியில், வீட்டுக்கு உள்ளே, உட்கார்ந்தார். உட்கார்ந்ததோடு இல்லை, "நீங்களும் உக்காருங்க நீலாம்பா, ஏன் நிக்கிறீங்க?" என்றார். நாற்பது வருஷத்தில் அந்தக் குடும்பத்திலிருந்து அவளை 'நீங்க' என்று சொன்ன முதல் வாய் அது.

நீலாம்பாளுக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. பால் வாங்க ஆள் அனுப்பினாள். இருப்பதிலேயே நசுங்காத எவர்சில்வர் டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்தாள். தெருப்பெண்கள் எட்டுப் பேர் வாசலில் நின்று பார்க்க, டீச்சர் காபியை வாங்கிக் குடித்தார். மிச்சம் வைக்காமல் குடித்தார். "நல்லாருக்குங்க" என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு டீச்சர் சொன்னது நீலாம்பாளின் காதில் பாதிதான் ஏறியது.

"புள்ள திரும்பவும் விழுந்துட்டா யாரு பதில் சொல்றது? கழிப்பறை கட்ட இன்னும் எத்தன மாசமோ. ஒங்களுக்கும் தெனம் தூக்கிட்டு அலையற பாடு. இப்ப ஒரு திட்டம் இருக்கு. நீங்க அனுப்பவே வேண்டாம். இந்த டீச்சரே ஒங்க வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுப்பாங்க. ரிஜிஸ்டர்ல பேரு இருக்கும். புத்தகம் வரும், யூனிபார்ம் வரும், வருசா வருசம் பாஸும் போட்டுடுவோம்."

"டீச்சரே எங்க வீட்டுக்கு வருவாங்களா?" என்று நீலாம்பாள் கேட்டாள். அவள் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"ஆமாங்க. வியாழக்கிழமை வியாழக்கிழமை."

கரும்பு தின்னக் கூலியா வேண்டும்? நீலாம்பாள் சரி என்றாள். டீச்சர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். வைத்து எழுத வீட்டில் மேசை ஏது? மூலையில் பாயில் உட்கார்ந்திருந்த சுடர்விழியின் பரீட்சை அட்டையை வாங்கி, காகிதத்தை அதில் வைத்து, தரையில் போட்டார்கள். அட்டை வழுக்கியது. சுடர்விழி குனிந்து, தன் விறைத்த கையால் அதை ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

நீலாம்பாள் கைநாட்டு வைக்கிறவள் அல்ல. சின்னப் பெண்ணாக இருந்தபோது ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட ஐந்து எழுத்து அவளுக்குத் தெரியும். படிக்க வராது. ஆனால் தன் பெயரைக் கோலம் போடுகிற மாதிரி நிதானமாக, அழகாகப் போடுவாள். மங்களாம்பிகை டீச்சர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதால் அன்றைக்கு இன்னும் அழகாகப் போட்டாள். போட்டுவிட்டு நிமிர்ந்து சிரித்தாள்.

மங்களாம்பிகை டீச்சர் கெட்டவர் இல்லை. அவர் பயந்தவர். பிள்ளை விழுந்து தலை அடிபட்டால் தன் வேலைக்கே ஆபத்து வந்துவிடுமே என்று பயந்தார். சுவரைக் கட்டித் தா என்று மேலே எழுதிப் போராடுவதைவிடப் பிள்ளையை வீட்டில் உட்கார வைப்பது சுலபம். பயந்தவர்கள் செய்கிற காரியத்தில் பாதி இப்படித்தான் இருக்கும்.

பிரகதீஸ்வரி டீச்சர் வந்தார். பதினொரு ஊர் அவர் பொறுப்பில். வியாழக்கிழமை என்பது ஒன்றுவிட்டு ஒரு வியாழக்கிழமையாகி, பிறகு மாதத்துக்கு ஒன்றானது. வந்தால் ஒரு மணி நேரம் இருப்பார். காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுப்பார். பாசிமணி கோக்கச் சொல்வார். சிவப்பு எது, பச்சை எது என்று அட்டையைக் காட்டிக் கேட்பார். அவர் கையிலிருந்த படிவத்தில் அதற்குத்தான் கட்டம் போட்டிருந்தது.

"டீச்சர், வகுத்தல்?" என்று சுடர்விழி இழுத்து இழுத்துக் கேட்பாள்.

"அடுத்த தடவ பாக்கலாம்டா கண்ணு" என்பார் அவர். அன்பான பெண்தான். அடுத்த தடவையும் பாசிமணிதான்.

டீச்சர் வருகிற நாளில் சுடர்விழி யூனிபார்ம் போட்டுக்கொள்வாள். அதை யாரும் சொல்லித்தரவில்லை, அவளாகக் கேட்டாள். தலை சீவி, ரிப்பன் கட்டி, யூனிபார்ம் மாட்டி, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். சில நாள் டீச்சர் வரமாட்டார். சாயங்காலம் அவளே மெல்லச் சட்டையைக் கழற்றுவாள். பொத்தான் கழற்ற அவளுக்கு நேரமாகும்.

நீலாம்பாள் இதையெல்லாம் பார்க்கவில்லையா என்றால், பார்த்தாள். ஆனால் கண்ணை மறைக்கப் பெருமை ஒன்று போதும். நடவு வயலில் முதுகை நிமிர்த்துகிறபோதெல்லாம், "எங்க வீட்டுக்கு டீச்சரே வருது, தெரியுமுல்ல? ஒங்க புள்ளைங்கதான் டீச்சரத் தேடிப் போவுது" என்பாள். மற்றப் பெண்கள் வாயை மூடிக்கொள்வார்கள். புத்தகங்கள் வருஷம் தவறாமல் வந்தன. அவள் காக்கி அட்டை போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் அடுக்கினாள். நடுவில் கொரோனா வந்து ஊர்ப் பிள்ளைகளெல்லாம் வீட்டில் கிடந்தபோது, சுடர்விழி மட்டும் வீட்டில் இருக்கிறாள் என்பதே மறந்துபோயிற்று. பள்ளிக்கூடம் திறந்தது. மற்றவர்கள் போனார்கள்.

அன்றைக்கு வீரையன் சாப்பிட்டுக்கொண்டே, "புள்ள பள்ளிக்கூடம் போயி ரொம்ப நாளாச்சு" என்றான்.

"ஆமா, நீதான் தூக்கிட்டுப் போப்போற. டீச்சர் வீட்டுக்கு வர்றது கண்ண உறுத்துதா?" என்றாள் நீலாம்பாள். அவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டான். இந்த ஒரு வார்த்தைக்காகவும் அவள் பிறகு நிறைய அழுதிருக்கிறாள்.

சுடர்விழிக்குப் பதினாலு வயதானபோது, எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்று போட்டு டி.சி. கொடுத்தார்கள். நீலாம்பாள் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தாள்.

அந்த மே மாதம்தான் மன்னார்குடியில் ஊனமுற்ற பிள்ளைகளுக்கான மருத்துவ முகாம். மகளோடு போயிருந்தாள். ஏகப்பட்ட கூட்டம். எந்த அறைக்குப் போவதென்று தெரியாமல் கூத்தாநல்லூரிலிருந்து வந்திருந்த ஆசியா என்ற பெண், தன் மகனைச் சக்கர வண்டியில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தாள். மகன் பெயர் ஜாஃபர் சாதிக், பத்து வயது. தலை நிற்காது, கண் மட்டும் அசையும். சுடர்விழி சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்து, மெதுவாக, "நாலாம் நம்பர் ரூம்... மாடி இல்ல... கீழதான்" என்று சொன்னாள்.

ஆசியா நின்று அவளைப் பார்த்தாள். "இவ்வளவு தூரத்துல இருந்து படிக்கிறியாம்மா? எந்த ஸ்கூலு?"

"ஸ்கூல் இல்லீங்க, டீச்சரே எங்க வீட்டுக்கு வருது" என்று நீலாம்பாள் முந்திக்கொண்டாள்.

ஆசியாவின் முகம் மாறியது. "அக்கா, அந்தத் திட்டம் எம்மவன மாதிரிப் புள்ளைங்களுக்கு. எந்திரிக்கவே முடியாத புள்ளைக்கு. இது படிக்கிற புள்ள. இத எதுக்கு வீட்டுல வச்சாங்க? பதினெட்டு வயசு வரைக்கும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல உக்காந்து படிக்க இதுக்குச் சட்டமே இருக்கு. பரீட்சைக்குக் கூடுதல் நேரம், எழுத ஆள், எல்லாம் குடுக்கணும். யாரு ஒங்கள ஏமாத்துனது?"

யாரும் ஏமாற்றவில்லை என்று நீலாம்பாளுக்குச் சொல்லத் தோன்றியது. சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் காக்கி அட்டை போட்ட எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்து மகள் மடியில் வைத்தாள்.

"ஒரு கணக்குப் போட்டுக் காட்டுடி."

சுடர்விழி புத்தகத்தைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மூடி, அட்டையைத் தடவிவிட்டாள்.

"நாலாவது வரைக்கும்தாம்மா தெரியும்" என்றாள். "தமிழும் வரலாறும் நானாப் படிச்சிடுவேன். கணக்கு யாராச்சும் சொல்லித் தரணும்."

நாலரை வருஷம். மூன்று மா, மூன்றரை மா என்று காலாலேயே அளந்தவள், தன் வீட்டில் நடந்ததை அளக்காமல் விட்டாள். நீலாம்பாள் அடுப்படியில் போய் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

பிறகுதான் வாய் திறந்தது. இரண்டு மைல் தள்ளி இருக்கும் உயர்நிலைப் பள்ளிக்குப் போய் ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கச் சொன்னாள். அங்கேயும் அதே பாட்டுதான். "படி இருக்குங்க, அதுக்கேத்த கழிப்பறை இல்லீங்க, வீட்டுலயே இருக்கட்டுங்க, டீச்சர் வருவாங்கல்ல" என்றார் அங்கிருந்த தலைமையாசிரியர். டீச்சர் வருவார் என்ற வார்த்தை இப்போது அவளுக்கு நெருப்பை மிதித்த மாதிரி இருந்தது.

"டீச்சர் எங்க வீட்டுக்கு வர வேணாங்க. எம்பொண்ணு ஒங்க பள்ளிக்கூடத்துக்கு வரணும்" என்றாள்.

குறுவை நடவு மும்முரமாக இருந்த ஜூன் மாதம். மூன்று திங்கட்கிழமை வயலுக்குப் போகாமல் கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்குப் போனாள். பன்னிரண்டு பெண்களும் அவளுடைய வரிசையையும் சேர்த்து நட்டார்கள். மனுவை ஆபீஸ் வாசலில் எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். துணைக்கு வந்திருந்த ஆசியா வேண்டாம் என்றாள். "ஒங்க பொண்ணே எழுதட்டும்க்கா" என்றாள். அந்த ஒரு பக்கத்தை எழுத சுடர்விழிக்கு இரண்டு மணி நேரம் ஆனது. எழுத்து ஒன்று மேலே ஏறும், ஒன்று கீழே இறங்கும். பிழை மட்டும் ஒன்றுகூட இல்லை.

மூன்றாவது திங்கட்கிழமை அந்த மனுவோடு அவளை ஒரு கல்வி அதிகாரியின் மேசைக்கு அனுப்பினார்கள். அவர் எழுத்தைப் பார்த்துவிட்டு, "இத யாரும்மா எழுதுனது?" என்றார்.

"எம்பொண்ணுதாங்க. அவளத்தான் வீட்டுல வச்சிருக்கீங்க."

அவர் பழைய காகிதக் கட்டை வரவழைத்துப் புரட்டினார். ஒரு காகிதத்தில் கை நின்றது. சத்தமாகப் படித்தார். "'என் மகளைப் பள்ளிக்கு அனுப்ப இயலாத நிலையில், என் சொந்த விருப்பத்தின் பேரில், அவள் வீட்டிலிருந்தே கல்வி பெறச் சம்மதிக்கிறேன்.' இது ஒங்க கையெழுத்துதானேம்மா?"

மேசையின் அந்தப் பக்கமிருந்து தலைகீழாகத் தெரிந்தாலும் நீலாம்பாள் தன் ஐந்து எழுத்தைக் கண்டுகொண்டாள். எவ்வளவு அழகாகப் போட்டிருந்தாள்.

"கையெழுத்து என்னுதாங்க" என்றாள். "படிக்க வேண்டியது அவ. அவள யாரும் கேக்கலீங்க. நானும் கேக்கல."

அதிகாரி காகிதத்தைக் கட்டிலேயே வைத்துக் கட்டிவிட்டு, மனுவின் ஓரத்தில் ஏதோ எழுதினார்.

ஜூலையில் உத்தரவு வந்தது. உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றினார்கள். படிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி ஏறச் சிமெண்டுச் சரிவு போட்டார்கள். கைப்பிடி வைத்த கழிப்பறை வந்தது. போக வர ஆட்டோவும் ஏற்பாடானது. ஊரே மெச்சியது. "ஜெயிச்சிட்டியே நீலாம்பா" என்றார்கள். மங்களாம்பிகை டீச்சர்கூட வழியில் ஸ்கூட்டரை நிறுத்தி, "நல்ல காரியம் பண்ணுனீங்க" என்றார். நீலாம்பாள் தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். அவரைத் திட்ட வேண்டுமென்று எத்தனையோ நாள் வாய்க்குள் வைத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் திட்டில் பாதி தனக்கே வந்து சேரும் என்று தோன்றியது.

ஜெயித்தது உண்மை. ஆனால் நட்டுப் பழகியவளுக்கு ஒன்று தெரியும். நாள் தாண்டிய நாற்றை நட்டாலும் பயிர் பிழைக்கும், நிற்கும், கதிரும் விடும். பக்கக் கிளை வெடித்துத் தூர் மட்டும் கட்டாது.

சுடர்விழி வகுப்பில் உட்கார்ந்தாள். தமிழில் நல்ல மார்க். சமூக அறிவியலில் பாஸ். கணக்கில் எக்ஸ், ஒய் என்று என்னவோ போடுகிறார்கள், இவளுக்குப் பின்னமே தெரியாது. கணக்கு டீச்சர் நல்லவர். மதிய இடைவேளையில் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துச் சொல்லித்தருகிறார். காலாண்டில் நூற்றுக்கு ஏழு. ஒருநாள் சாயங்காலம் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது, "எல்லாரும் எம்வயசுதாம்மா, ஆனா அவங்களுக்குத் தெரியுது" என்றாள். புகார் மாதிரி சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்கிற மாதிரி சொன்னாள்.

இப்போது காலனித் தெருவில் யார் கையெழுத்துப் போடுவதானாலும் நீலாம்பாளைக் கூப்பிடுகிறார்கள். அவள் எதிரே உட்கார்ந்து, "ரெண்டு தடவ படிங்க. அவசரமில்ல" என்பாள். படிக்கத் தெரிந்த அதிகாரிகள் எரிச்சலோடு இரண்டு தடவை படிக்கிறார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவளே தன்னைச் சொல்லிக்கொள்வாள்.

டிசம்பரில் அரையாண்டுப் பரீட்சை. கணக்குப் பரீட்சையன்று காலையில் நீலாம்பாள் மகளை முன்னால் உட்கார வைத்துத் தலை சீவிக்கொண்டிருந்தாள். யூனிபார்ம் போட்டாயிற்று. மடியில் அதே பழைய பரீட்சை அட்டை, கிளிப் துருப்பிடித்து, ஓரம் பிய்ந்துபோய். அதைப் பார்த்ததும் நீலாம்பாளுக்கு அடக்க முடியவில்லை. இத்தனை மாதமாக அதிகாரியிடம் சொன்னாள், ஆசியாவிடம் சொன்னாள், வீரையனிடம் அழுதாள். மகளிடம் மட்டும் சொன்னதில்லை.

"அன்னைக்கு அந்தக் காயிதத்துல என்னா எழுதியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுடி" என்றாள். "சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கைய வெட்டுனாலும் போட்டிருக்க மாட்டேன். எனக்குத்தான் படிக்கத் தெரியாதே."

சுடர்விழி அட்டையின் கிளிப்பை அழுத்திவிட்டாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றாள்.

சீப்பு நின்றது.

"நான்தானே அட்டையப் புடிச்சுக்கிட்டிருந்தேன். படிச்சேன்." பிறகு, இழுத்து இழுத்து, ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். "என் மகளைப் பள்ளிக்கு... அனுப்ப இயலாத நிலையில்... என் சொந்த விருப்பத்தின் பேரில்..."

அந்தக் காகிதம் ஆபீஸ் காகிதக் கட்டுக்குள் இருக்கிறது. நகல் வீட்டுக்கு வந்ததேயில்லை. அதிகாரி படித்தபோது சுடர்விழி அங்கே இல்லை.

"ஏன்டி சொல்லல?" என்றாள் நீலாம்பாள். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. ஒம்பது வயசு, வெவரம் தெரிஞ்ச புள்ள. இத்தன வருசமா ஏன் சொல்லல?"

"நீ டீச்சரையே பாத்துக்கிட்டிருந்த" என்றாள் சுடர்விழி. "டீச்சர் நம்ம வீட்டு நாக்காலியில உக்காந்திருந்தாங்க. நம்ம டம்ளர்ல குடிச்சாங்க. நீ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லம்மா. அதான்."

வெளியே ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. நீலாம்பாள் சடையைப் பின்னப் பார்த்தாள். முடியின் மூன்று பிரியும் கையில் நிற்காமல் அவிழ்ந்தன. மறுபடி முதலிலிருந்து பின்னினாள். அவள் முடிச்சுப் போடுகிறவரை, சுடர்விழி கையைப் பின்னால் நீட்டி, ரிப்பனின் ஒரு நுனியை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.